மாதம் பதினாறு கட்டுரை போட்டும் கடைக்குப் பயனில்லை, நிறுத்திவிடலாமா?

பண்டாரவளை தேயிலை
21 ஜூன் 2025

அனைவருக்கும் வணக்கம். பண்டாரவளையில் நானும் அம்மாவும் சிறிய தேயிலைக் கடை நடத்துகிறோம். அம்மா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், தூள் சலிக்கும் பகுதியில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்தவர். எங்கள் ஊவா மாகாணத்தின் இரண்டு தொழிற்சாலைகளிலிருந்து பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப். என்ற இரண்டு தரத் தூள் வாங்குகிறோம். அம்மா உள்ளங்கையில் கொட்டி, வாயால் ஊதி, முகர்ந்து பார்த்துத் தலையசைத்தால்தான் மூட்டை வீட்டுக்குள் வரும். வீட்டிலேயே நிறுத்து, 100 கிராம், 250 கிராம் பொதிகளாகக் கட்டி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு என்று தபாலில் அனுப்புகிறோம்.

2022 இல் கடைக்கு இணையத்தளம் தொடங்கினேன். முதல் ஓராண்டில் நான் எழுதியது ஏழே ஏழு கட்டுரைகள். பிறகு தளத்தைப் பார்த்துக்கொள்வதாக ஒரு நிறுவனம் வந்தது. "அடிக்கடி எழுதாவிட்டால் கூகுள் உங்களை மறந்துவிடும்" என்றார்கள். வாரத்துக்கு நான்கு கட்டுரை, மாதம் 18,000 ரூபாய். பதினோரு மாதங்களில் 176 கட்டுரைகள் ஏறின. 198,000 ரூபாய் போனது. அது எங்களுக்குச் சிறிய தொகை இல்லை.

புதிதாக வாங்குகிற ஒவ்வொருவரிடமும் எங்களை எப்படி அறிந்தீர்கள் என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பேன். அந்தப் பதினோரு மாதங்களில் இணையத்தளம் வழியாக வந்த புதியவர்கள் 64 பேர். அதில் 41 பேர் சொன்னது ஒரே கட்டுரையை. அது நான் எழுதிய பழைய ஏழில் ஒன்று. அந்த 176 இல் எதையும் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அந்த ஒரு கட்டுரை வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து ஒரு வாடிக்கையாளர் கோபமாக எழுதியிருந்தார்: "தங்கச்சி, நீங்கள் அனுப்பியது பழைய தூள். தேநீர் கறுத்துப்போகிறது, மேலே எண்ணெய் மாதிரி ஆடை மிதக்கிறது." அதே மூட்டையிலிருந்து கொழும்புக்குப் போன பொதிகளைப் பற்றி ஒரு குறையும் வரவில்லை. அம்மா கேட்டுவிட்டு, "தூளைப் பார்க்காதே, தண்ணீரைப் பார்" என்றார். மரக்கறி லொறி ஓட்டும் மாமாவிடம் சொல்லி, சுன்னாகத்தில் ஒரு வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்துவரச் செய்தோம். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிக் குவளை, ஒரே அளவு தூள், ஒரே நேரம். எங்கள் குழாய்த் தண்ணீரில் ஊறியது செம்பொன் நிறமாக இருந்தது. குவளைக்குப் பின்னால் இருந்த ஜன்னல் கம்பி தெரிந்தது. சுன்னாகத் தண்ணீரில் ஊறியது கரும்பழுப்பு. பத்து நிமிடத்தில் மேலே ஒரு படலம் கட்டியது. கரண்டி நுனியால் தொட்டதும், அவித்த முட்டையின் உள்தோல் போலத் துண்டு துண்டாகப் பிரிந்தது. அம்மா இரண்டு துளி தேசிக்காய்ச் சாறு விட்டார். படலம் கரைந்து, நிறமும் வெளுத்துத் தெளிந்தது. யாழ்ப்பாணத்து நிலத்தடியில் சுண்ணாம்புக்கல். அந்தத் தண்ணீரில் இருக்கும் கல்சியம் செய்கிற வேலை அது. படங்களோடு இதை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. கோபமாக எழுதியவர் இன்றுவரை எங்களிடம்தான் வாங்குகிறார்.

போன மாதம் இன்னொன்று நடந்தது. டீமேக்கராக, அதாவது தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பாக, இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், பழைய வாடிக்கையாளர், தொலைபேசியில் அழைத்தார். அந்த 176 இல் ஒன்றில் "ஊவாவின் சிறந்த பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை" என்று போட்டிருக்கிறதாம். அது ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்து டிம்புள்ளப் பருவம். ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை, கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் காலம். "மகள், அம்மா இதைப் பார்க்கவில்லையா?" என்று மட்டும் கேட்டார். அம்மா பக்கத்தில்தான் நின்றார். அன்று முழுவதும் பேசவில்லை.

என் கேள்வி இதுதான். நிறுத்திவிட்டு மாதம் ஒன்றோ இரண்டு மாதத்துக்கு ஒன்றோ நானே எழுதினால் தளம் உண்மையிலேயே பின்னுக்குப் போய்விடுமா? ஏற்கெனவே ஏறிய 176 ஐயும் என்ன செய்வது?


லுணுகலை மிளகு
21 ஜூன் 2025

உங்கள் நோட்டுப் புத்தகமே பதில் சொல்லிவிட்டதே, தங்கச்சி. 41 பேர் ஒரு பக்கம், 176 கட்டுரை மறுபக்கம். நாளைக்கே நிறுத்துங்கள். மிளகு, கராம்பு விற்கிற நான் ஆண்டுக்கு ஐந்து எழுதுகிறேன். அதில் ஒன்று, மிளகை வெயிலில் போடுமுன் ஒரு நிமிடம் வெந்நீரில் முக்கி எடுப்பது ஏன் என்பது. நான்கு ஆண்டாக அதைப் படித்துவிட்டு ஆட்கள் அழைக்கிறார்கள்.


அப்புத்தளை விடுதி
22 ஜூன் 2025

தங்கச்சி, இதே குழியில் விழுந்து எழுந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எங்களுடையது ஐந்து அறை விடுதி. ஒரு காலத்தில் "இலங்கையில் பார்க்க வேண்டிய 25 இடங்கள்", "சீகிரியாவுக்குப் போவது எப்படி" என்று நூற்றுக்குக் கிட்ட எழுதிக் குவித்தேன். சீகிரியா எங்கே, அப்புத்தளை எங்கே? அதைப் படித்தவர் ஒருவரும் எங்கள் வீட்டில் தங்க வரவில்லை.

முதலில் அந்தப் பயத்தைப் போக்கிவிடுகிறேன். எழுதுவதை நிறுத்தினால் கூகுள் மறந்துவிடும் என்பது சரியில்லை. பட்டியலில் ஏறிய பக்கத்தை, நீங்கள் புதிதாக எழுதவில்லை என்பதற்காக மட்டும் எடுத்துவிட மாட்டார்கள். கூகுள் தளக்காரர்களுக்காக வெளியிட்டிருக்கும் வழிகாட்டியிலேயே, இத்தனை சொல் எழுத வேண்டும் என்ற கணக்குத் தங்களிடம் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். தளம் புதிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நிறையச் சேர்ப்பதும் உதவாது, அதே காரணத்துக்காகப் பழையதை அள்ளி எறிவதும் உதவாது என்றும் அங்கேயே இருக்கிறது. உள்ளே ஒன்றையும் திருத்தாமல் தேதியை மட்டும் மாற்றிப் போடுகிறீர்களா என்றும் எச்சரிக்கையாகக் கேட்கிறார்கள்.

2022 ஆகஸ்ட்டில், தேடுபொறிக்காகவே எழுதப்படும் பக்கங்களைப் பின்னுக்குத் தள்ளும் மாற்றம் ஒன்றை அறிவித்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஒரு பக்கத்தை எடைபோடும் ஆட்களுக்கான கையேட்டில், எழுதியவருக்கு அந்த விடயத்தில் சொந்த அனுபவம் இருக்கிறதா என்ற அளவுகோலும் சேர்ந்தது. 2024 மார்ச்சில், தேடலில் இடம் பிடிப்பதற்காகவே பயனற்ற பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்வதை விதிமீறல் என்றே எழுதிவிட்டார்கள். உங்கள் 176 அந்த வகைக்குள் வருமா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் அம்மா போத்தல் தண்ணீரில் செய்து பார்த்தது எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

176 ஐ என்ன செய்வது? ஒரே இரவில் அழித்துவிடாதீர்கள். தளக்காரர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் பதினாறு மாதத்துக் கணக்குக் கிடைக்கும். திறந்து, ஒவ்வொரு பக்கமும் எத்தனை முறை தேடலில் தெரிந்தது, எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள் என்று பாருங்கள். என் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு பக்கங்களுக்கு ஒருவர்கூட வந்திருக்கவில்லை. அவற்றை எடுத்துவிட்டேன். ஒரே விடயத்தை நான்கு விதமாகச் சொன்னவற்றில் உருப்படியான வரிகளை ஒன்றில் சேர்த்து, மற்ற மூன்றின் முகவரிகளிலும் அந்த ஒன்றுக்குப் போகும்படி 301 வழிமாற்றுப் போட்டேன். பழைய இணைப்பைப் பிடித்துக்கொண்டு யாராவது வந்தால் வெறும் பக்கத்தில் முட்டக்கூடாது.

இதைச் செய்யும்போது மனம் கலங்கும். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்திருப்பீர்கள். நேற்றுவரை பச்சையாக இருந்தது வெறும் கொம்பாக நிற்கும். மாதக்கணக்கில் கூடை அந்தப் பக்கம் போகாது. என் தளமும் மூன்று மாதம் அப்படித்தான் கிடந்தது. மனைவி ஒவ்வொரு நாளும் கேட்டாள், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று.

இன்று எங்களுக்கு அறை நிரப்பித் தருவது ஒரே கட்டுரை. தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீட் என்ற மலைக் காட்சிமுனை வரை நடந்தே ஏறுவது பற்றியது. ஏறத்தாழ 7 கிலோமீட்டர். அதை எழுதுவதற்கு முன் நான் அங்கே ஆட்டோவில்தான் போயிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது, நடந்தால் எத்தனை நேரம், எந்த வளைவில் பாதை இரண்டாகப் பிரிகிறது, தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் விடிகாலையில் நடந்தேன். அந்த வாரத்தில் இன்னும் இரண்டு முறை. ஒன்பது மணிக்குப் பிறகு போனால் பல நாட்களில் மூடுபனி ஏறிவிடும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதை வெளிப்படையாக எழுதினேன். வியாபாரம் கெடும் என்று சொன்னார்கள். விடிகாலையில் ஏற வேண்டுமென்றால் முதல் நாள் இரவே அப்புத்தளையில் தங்க வேண்டும் என்று படித்தவர்கள் தாங்களே முடிவுசெய்து வருகிறார்கள். பஸ் நேரம் மாறினால் அன்றே அந்தப் பக்கத்தில் மாற்றுகிறேன். புதிதாக எழுதுவதைவிட அந்த ஒன்றைப் பராமரிக்கத்தான் எனக்கு அதிக நேரம் போகிறது.

உங்களுக்கு அடுத்த கட்டுரை எங்கிருந்து வரும் என்று தேட வேண்டியதே இல்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து, ஆறு மாதத்தில் வாடிக்கையாளர்கள் கேட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று பேர் கேட்டது எதுவோ அதுதான் அடுத்தது.


தலவாக்கலை டீச்சர்
22 ஜூன் 2025

உங்கள் தளத்தைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். தண்ணீர்க் கட்டுரை அருமை. மற்றவற்றில் இரண்டைப் படித்ததும் மனம் பதறிவிட்டது. "தேநீர் நீரிழிவைக் குணமாக்கும்" என்று ஒன்று, "புற்றுநோய்க்கு மருந்து" என்று இன்னொன்று. கணக்குப் பார்ப்பதெல்லாம் பிறகு இருக்கட்டும், இந்த இரண்டையும் இன்றிரவே எடுத்துவிடுங்கள். யாராவது ஒருவர் அதை நம்பி மாத்திரையை நிறுத்தினால் யார் பதில் சொல்வது? விற்கிறவர் பெயரில் இப்படி ஒரு வரி நிற்கவே கூடாது. உடல்நலம், பணம் சார்ந்த பக்கங்களைக் கூகுளும் கடுமையாகத்தான் எடைபோடுகிறது. ஆனால் நான் சொல்வது அதற்காக இல்லை.

மொழி பற்றியும் ஒன்று. அந்த 176 யாரோ ஆங்கிலத்தில் எழுதியதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதுபோல இருக்கிறது. "தேயிலையானது உலகளாவிய ரீதியில் பிரபல்யமான பானமாகக் காணப்படுகின்றது" என்று எந்த வீட்டில் பேசுகிறார்கள்? உங்கள் வாடிக்கையாளர் "சாயம் இறங்கவில்லை" என்று சொல்வார், "வெறுந்தேநீர்" என்பார். தேடும்போதும் அதைத்தான் தட்டுவார். அவருடைய சொல் உங்கள் பக்கத்தில் இருந்தால் அவர் உங்களிடம் வந்து சேருவார். நம் தேயிலையைப் பற்றி, அதைச் செய்த கையிலிருந்து தமிழில் எழுதப்பட்டது மிகவும் குறைவு. இந்த மலைகளில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கொழுந்து பறிக்கிறோம். லூல்கந்துரையில் 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் நட்டார் என்பதைப் பள்ளிப் புத்தகம் சொல்கிறது. சலிக்கும் அறையில் இருபத்தாறு ஆண்டு நின்றவருக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதை எழுதுங்கள், மகள்.


நாவலப்பிட்டி நாற்றுமேடை
23 ஜூன் 2025

எல்லோரும் நிறுத்து என்கிறார்கள். எனக்கு ஒரு சிறிய மறுப்பு உண்டு. மரக்கறி நாற்று விற்கத் தொடங்கியபோது வாரம் ஒன்று விடாமல் ஓராண்டு எழுதினேன். பெரும்பாலானவை இன்று பார்த்தால் சுமார்தான். ஆனால் அப்படி எழுதியதால்தான் எழுத வந்தது. எண்ணிக்கையை விடுங்கள், ஆனால் ஒரு நாளைக் குறித்து வையுங்கள். "நல்லதாக வரும்போது எழுதுவேன்" என்று இருந்தால் ஆண்டு முழுவதும் வராது. எனக்கு இப்போது போயா தினம், அதாவது பௌர்ணமி விடுமுறைதான் எழுதும் நாள். அன்று கடை பூட்டு. மாதம் ஒன்று போதும்.


பண்டாரவளை தேயிலை
24 ஜூன் 2025

அனைவருக்கும் நன்றி. டீச்சர், அந்த இரண்டையும் அன்றிரவே எடுத்துவிட்டேன். அதே போன்று இன்னும் ஒன்பது இருந்தன, அவையும் போயின. நிறுவனத்துக்கும் இந்த மாதத்தோடு போதும் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி வாட்ஸ்அப்பைப் புரட்டினேன். பொதியைத் திறந்து ஒரு மாதத்தில் வாசனை போய்விட்டது என்று ஐந்து பேர், மட்டக்களப்பிலிருந்து மட்டும் மூவர், எல்லோரும் மழைக்காலத்தில். அம்மாவுக்கு இதில் தெரியாதது இல்லை. ஆனால் கேட்டால் "அதுதான் தெரியுமே, எழுத என்ன இருக்கிறது" என்கிறார். தாளும் பேனாவுமாக எதிரே உட்கார்ந்தால் வாயே திறப்பதில்லை.


அப்புத்தளை விடுதி
24 ஜூன் 2025

எதிரே உட்காராதீர்கள். பொதி கட்டும்போது பக்கத்தில் நின்று நீங்களும் கட்டுங்கள், தொலைபேசியில் ஒலிப்பதிவைப் போட்டு வைத்துவிட்டு. "எப்படித் தெரியும்" என்று கேட்காதீர்கள், வேண்டுமென்றே தவறாக ஒன்றைச் செய்யுங்கள். அந்த ஓட்டத்திலேயே எல்லாம் வந்துவிடும். பிறகு, பதிவு செய்ததை அவரிடம் சொல்லி, போடலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.


பண்டாரவளை தேயிலை
9 ஜூலை 2025

அண்ணா, அப்படியே நடந்தது. ஈரக் கரண்டியைத் தூளுக்குள் விடப் போனேன். அம்மா கையைத் தட்டிவிட்டு இருபது நிமிடம் பேசினார். எழுதியதன் தொடக்கத்தை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள். அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன், அவர் இரண்டு இடத்தில் திருத்தினார்.

"தொழிற்சாலையில் உலர்த்தி எடுக்கும்போது தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுதான் ஈரம் இருக்கும். அதனால் அது எப்போதும் தாகத்தோடு இருக்கிறது. பக்கத்தில் ஈரம் இருந்தால் ஈரத்தைக் குடிக்கும், வாசனை இருந்தால் வாசனையைக் குடிக்கும். உங்கள் தூள் ஈரம் குடித்துவிட்டதா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்துக் காதருகே பிடித்து விரலால் நசுக்குங்கள். நல்ல தூள் மொறுமொறுவென்று உடையும், சத்தம் கேட்கும். ஈரம் குடித்தது சத்தமில்லாமல் மடங்கும். என் அம்மா இருபத்தாறு ஆண்டுகள் இயந்திரச் சத்தத்துக்கு நடுவில் வேலை செய்தவர். அங்கே காதால் கேட்க முடியாது என்பதால் பெருவிரலாலேயே அந்தச் சத்தத்தை அறிவார்."

இதற்குப் பிறகு வரும் பகுதிக்காக, தூளைத் தகர டப்பா, கண்ணாடிப் போத்தல், பொலித்தீன் பை மூன்றிலும் போட்டுச் சமையலறையில் அடுப்புக்கு மேல் தட்டில் வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் 9 இல் மூன்றையும் திறந்து படம் எடுத்த பிறகுதான் மீதியை எழுதுவேன். அதுவரை தளத்தில் புதிதாக ஒன்றும் ஏறாது.


லுணுகலை மிளகு
9 ஜூலை 2025

பெருவிரல் வரி நன்றாக இருக்கிறது. வாசனை குடிப்பது பற்றி என்னிடம் ஒரு சான்று உண்டு, வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுக்கு முன் கொழும்பில் ஒரு வாடிக்கையாளர் மிளகும் தேயிலையும் சேர்த்துக் கேட்டார். ஒரே பெட்டியில் அடைத்து அனுப்பினேன். தேநீரில் மிளகு மணக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நானே ஊற்றிக் குடித்துப் பார்த்தேன், ரசம் மாதிரி இருந்தது. இரண்டு பொதிக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.


பண்டாரவளை தேயிலை
9 ஜூலை 2025

கட்டாயம் சேர்க்கிறேன், அண்ணா. பெட்டி வழியில் எத்தனை நாள் இருந்தது? தேயிலை கடதாசிப் பொதியிலா, பொலித்தீனிலா? மிளகு முழுதா, தூளா? அம்மா பக்கத்தில் நின்று கேட்கச் சொல்கிறார்.